பத்திநாதர் கண்டதும் காணாததும்

பத்திநாதரை இந்த வில்லங்கத்துக்குள் இழுத்துவிட்டது கண்ணாத்துறைக் கடற்றொழிலாளர் சங்கத்தின் புத்தி. அதைப் புத்தி என்று சொல்லலாமோ தெரியாது. சங்கத்தில் நூற்றிப் பதினாலு அங்கத்தவர்கள். பிரதேச சபைத் தேர்தலில் அவர்களின் வட்டாரத்துக்கு இரண்டு பேர் மும்முரமாக நின்றார்கள். ஒருவர் ஜெகதீஸ், சுயேச்சை. சொந்தமாக ஒரு வள்ளமும் அதைவிடப் பெரிய கோபமும் உள்ள மனிதர். மற்றவர் நாரந்தனைப் பிரியவதனி, கட்சி வேட்பாளர், முன்பள்ளி ரீச்சர். சங்கத்தில் பாதிப் பேருக்கு ஜெகதீஸ் சொந்தக்காரன். மற்றப் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதப் பழக்கியது பிரியவதனி. யாருக்கு ஆதரவு கொடுப்பது என்று மூன்று கூட்டம் வைத்தார்கள். மூன்றிலும் தேத்தண்ணிதான் முடிந்ததே தவிர ஒரு முடிவும் வரவில்லை.

நாலாவது கூட்டத்தில் செயலாளர் டிலோனுக்கு ஒரு யோசனை பிறந்தது. யாழ்ப்பாணத்துக் கேபிள் தொலைக்காட்சி ஒன்று வேட்பாளர்களை எதிரும் புதிருமாக இருத்தி விவாதம் நடத்திக்கொண்டிருந்தது. கண்ணாத்துறை வட்டாரத்தின் விவாதத்தை வெள்ளிக்கிழமை பதிவு செய்து, ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் காட்டுவதாக அறிவித்திருந்தார்கள்.

"அதிலை ஆர் வெல்லினமோ அவைக்குத்தான் சங்கத்தின்ரை வோட்டு முழுக்க. பேந்து ஒருத்தரும் வாய் காட்டக் கூடாது," என்றான் டிலோன்.

"ஆர் வெண்டதெண்டு ஆரடா சொல்லுறது?" என்று கேட்டாள் கத்தரீனா. துறையில் மீன் வாங்கி விற்கிறவள். அவள் கேட்டு முடியாமல் சங்கத்தில் எந்தத் தீர்மானமும் நிறைவேறியதில்லை.

"வேறை ஆர்? எங்கடை றெபரி அண்ணைதான்."

எல்லாத் தலையும் பின்னால் கிடந்த மர வாங்குப் பக்கம் திரும்பின. அங்கே பத்திநாதர் இருந்தார். வயது அறுபத்து மூன்று. இருபத்தாறு வருடம் தீவுப்பகுதி உதைபந்தாட்டத்துக்கு விசில் ஊதியவர். முழங்கால் இரண்டும் மாட்டேன் என்று சொன்ன பிறகுதான் ஊதுவதை விட்டார்.

"என்னாலை ஏலாது," என்றார் அவர். "ஒரு பக்கம் நிக்கிறது என்ரை மச்சான்."

"அதுக்குத்தானே அண்ணை உங்களைக் கேக்கிறம்!" என்றான் டிலோன். மண்டபம் முழுவதும் ஓம் ஓம் என்று தலையாட்டியது.

அவர்கள் ஏன் தலையாட்டினார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். இருபத்தொரு வருடத்துக்கு முன்னால், சமாதான காலத்தில், தீவகக் கிண்ணத்தின் இறுதியாட்டம். கண்ணாத்துறை ஒரு பக்கம், மேற்குக்கரை மறுபக்கம். அந்த நாளில் இந்தப் பக்கம் மத்தியஸ்தர் லைசன்ஸ் வைத்திருந்தவர் பத்திநாதர் ஒருவர்தான். ஆகவே கண்ணாத்துறையான் என்று தெரிந்தும் மேற்குக்கரைக்காரர் அவரையே ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு கோல். முடிய இரண்டு நிமிடம். கண்ணாத்துறைக் கோலுக்கு முன்னால் பத்துப் பதினைந்து கால்கள் ஒன்றாகப் பின்னிக்கொண்டு கிடந்த இடத்தில் பந்து எழும்பி ஜெகதீஸில் பட்டது. பத்திநாதர் விசில் ஊதினார். கையில் பட்டதாம். பெனல்டி. மேற்குக்கரை அதை அடித்தது; கிண்ணமும் அவர்களோடு போனது.

ஊர் ஒரு கிழமை அவரைத் திட்டித் தீர்த்தது. இரண்டாம் கிழமை திட்டு மெல்லப் பெருமையாக மாறியது. சொந்த ஊர், சொந்த மனைவியின் தம்பி, இரண்டையும் பார்க்காமல் ஊதின மனிசன் எண்டால் சும்மாவோ என்று பேசத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு வேலித் தகராறு என்றாலும் வலை அறுத்த தகராறு என்றாலும் பத்திநாதரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் சொன்னால் மறுபேச்சில்லை.

ஜெகதீஸ் மட்டும் அன்று மைதானத்திலேயே அவருக்கு முன்னால் வந்து நின்று, "அத்தான், நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டான்.

"கண்டனான்," என்றார் பத்திநாதர்.

ஜெகதீஸ் சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனான். அன்றையிலிருந்து அக்கா வீட்டு வாசற் படலையை அவன் தொடவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஐந்தே ஐந்து குறுக்குத் தெரு ஒழுங்கைகள். எழுவைதீவில் இருக்கிறவனாவது கடல் குழப்பமென்று சாட்டுச் சொல்லலாம். இவனுக்கு அந்தச் சாட்டும் கிடையாது.

இதில் உடைந்துபோனது மாக்கிறேற். பத்திநாதரின் மனைவி. தாய் கண்ணை மூடியபோது அவளுக்குப் பத்து வயது, ஜெகதீசுக்கு மூன்று. இடுப்பில் தூக்கித் தூக்கியே அவனை வளர்த்தாள். பூசை முடிந்து கோவில் வாசலில் தம்பியோடு நின்று நாலு வார்த்தை கதைப்பாள். அதோடு சரி. இப்போது மகள் அஞ்சலாவின் கலியாணம் வேறு வந்துவிட்டது. தேர்தல் முடிந்து பதினோராம் நாள், பதினேழாம் திகதி.

இந்தப் பக்கத்தில் கலியாணத்துக்கு அட்டை அடிப்பதெல்லாம் ஒரு அழகுக்குத்தான். புருசனும் பெண்சாதியுமாகப் படியேறி, வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் தனியாகப் போய்ச் சொன்னால் அது சொன்னதாகாது. சொல்லாத வீட்டார் வரமாட்டார்கள், வரவும் கூடாது. மாக்கிறேற்றும் பத்திநாதரும் அறுபத்தெட்டு வீட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டார்கள். ஒரு வீடு மட்டும் மிச்சம். அந்த வீட்டின் பெயரை இருவரும் வாயில் எடுக்காமலே ஒரு கிழமை போய்விட்டது. அஞ்சலாவின் கலியாணத்தில் அவளுடைய ஒரேயொரு தாய்மாமன் நிற்பானோ மாட்டானோ என்பதை நினைத்து மாக்கிறேற் குசினிக்குள் நின்று வெங்காயத்தைச் சாட்டி அழுவது பத்திநாதருக்குத் தெரியும்.

ஞாயிறு காலை பூசைக்குப் போய் வந்து, இடியப்பத்துக்கு முன்னால் இருந்தபோது அவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டார். இவள் கேட்கத்தான் போகிறாள். இந்த ஒருக்கா என்ரை தம்பி வெண்டதெண்டு சொல்லுங்கோ என்று கேட்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று விதமாக யோசித்தும் வைத்திருந்தார்.

மாக்கிறேற் சொதியை ஊற்றினாள். "இஞ்சேருங்கோ, உங்களிட்டை ஒண்டு சொல்லோணும்."

"சொல்லும்."

"மச்சான் எண்டு அவனுக்குக் கூட்டியும் சொல்லாதையுங்கோ, குறைச்சும் சொல்லாதையுங்கோ. அண்டைக்கு மாதிரிக் கண்ணாலை கண்டதைச் சொல்லுங்கோ. அது போதும்."

யோசித்து வைத்த மூன்று பதிலும் அவருக்கு வீணாய்ப் போயின. இடியப்பத்தைத் தள்ளி வைத்தார். ஏனென்றால் பாருங்கள், அன்றைக்கு அவர் காணவில்லை. அதுதான் சங்கதி.

பந்து எழும்பியபோது மேற்குக்கரை ஆட்டக்காரன் ஒருவனின் முதுகு நடுவில் நின்றது. ஜெகதீஸில் பந்து பட்ட சத்தம் கேட்டது. எங்கே பட்டது, கையிலா நெஞ்சிலா, சத்தியமாக அவருக்குத் தெரியாது. மேற்குக்கரைச் சனம் கை, கை என்று கத்தியது. ஊதாமல் விட்டால் மச்சானைக் காப்பாற்றினான் என்று தீவு முழுக்கச் சொல்லும் என்று ஒரு நினைப்பு ஓடியது. அந்த நினைப்புத்தான் விசிலை ஊதியது. பிறகு ஜெகதீஸ் கேட்டபோது வாய் தானாகவே 'கண்டனான்' என்றது. இருபத்தொரு வருடத்தில் அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனபோதுகூடத் 'தொழிலில் ஒரு சின்னப் பிசகு, சாமி' என்று ஒப்பேற்றிவிட்டார். அந்தப் பிசகின் மேல்தான் ஊர் அவருக்கு நீதிமான் பட்டம் கட்டி வைத்திருந்தது.

நாலு மணிக்குச் சங்க மண்டபம் நிரம்பி வழிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக்கில்லை. எல்லாரும் குளித்து, வெளுத்த சேட்டோடு வந்திருந்தார்கள். பத்திநாதருக்கு முன்வரிசையில் கைபிடி வைத்த கதிரை. அவர் மடியில் ஒரு கொப்பி. அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான். ஒருவர் பெயருக்கு ஒரு நிரல், கோலென்றால் ஒரு கோடு, தவறென்றால் ஒரு புள்ளி. வேலித் தகராறுக்கும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

திரையில் பிரியவதனி மாம்பழ நிறச் சேலையில் சிரித்துக்கொண்டு இருந்தாள். ஜெகதீஸ் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு, மூச்சு முட்டுகிறவன்போல இருந்தான். நரை விழுந்துவிட்டது அவனுக்கு. கோவிலில் தூரத்தில் கண்டபோதெல்லாம் பத்திநாதர் அதைக் கவனித்ததில்லை.

முதற்கேள்வி குடிதண்ணீர். பிரியவதனி தொடங்கினாள். தண்ணீர் மக்களின் பிறப்புரிமை, தீவக மக்களின் தாகம் தலைமுறைத் தாகம் என்று அருவி கொட்டினாற்போலப் பேசினாள். மண்டபம் கைதட்டியது. பத்திநாதருக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஜெகதீஸின் முறை வந்தது. "செவ்வாயும் வெள்ளியும் தண்ணிப் பவுசர் வருது. சேமக்காலை ஒழுங்கைக்குள்ளை அது திரும்ப இடமில்லை. அதாலை முகப்பிலை நிக்குது. உள்ளுக்கை இருக்கிற பதினேழு வீட்டுச் சனம் குடத்தோடை நடக்குது. ஒழுங்கையைப் பெருப்பிக்க ரெண்டு வருஷம் செல்லும். நூறடி ஹோஸ் ஒண்டு வாங்கினால் அடுத்த செவ்வாயே வேலை முடியும்."

நடத்துனர் இன்னும் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. "அவ்வளவுதானா?"

"ஓம். தண்ணி வந்திட்டுதுதானே."

மண்டபத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். "உவனுக்குக் கதைக்கத் தெரியாது," என்றான் டிலோன். அவனுடைய மகன் பிரியவதனியின் முன்பள்ளியில் படிக்கிறான். பத்திநாதர் ஜெகதீஸின் நிரலில் ஒரு கோடு போட்டார்.

இரண்டாவது, சபையின் வருமானம். வீடு வளவுகளின் சோலைவரி எவ்வளவு வரவேண்டும், சந்தைக் கடை வாடகையில் எவ்வளவு கூட்டலாம், அதில் எந்த ஒழுங்கைக்கு முதலில் தார் போடலாம் என்று பிரியவதனி தாள் பார்க்காமல் சொன்னாள். ஜெகதீஸ் நெற்றியைத் துடைத்தான். "உது எனக்கு வடிவாப் பிடிபடேல்லை. தங்கச்சி சொல்லுறது சரிபோலைதான் கிடக்குது," என்றான். மண்டபம் ஓவென்று ஆர்ப்பரித்தது. பிரியவதனிக்கு ஒரு கோடு.

கடைசிச் சுற்றில் ஒருவரையொருவர் கேட்கலாம் என்றார் நடத்துனர். ஜெகதீஸ் கேட்டான். "தங்கச்சி, கண்ணாத்துறை இறங்குதுறையிலை எத்தினை லைற் எரியுது?"

பிரியவதனி யோசித்தாள். "நான் இருட்டினாப் பிறகு அந்தப் பக்கம் வாறேல்லை அண்ணை. எண்ணிப் பாக்கேல்லை."

"ஆறு கம்பம் நிக்குது. ரெண்டு எரியுது. நாங்கள் விடியப்புறம் மூண்டு மணிக்கு இறங்கிறனாங்கள்."

பத்திநாதர் இன்னொரு கோடு போட்டார். இரண்டுக்கு ஒன்று. பெட்டைக்கு நாக்கில் கள்ளமில்லை என்று அவளையும் மெச்சிக்கொண்டார்.

பிறகு பிரியவதனி கேட்டாள். குரலைத் தாழ்த்தி, மரியாதையாகத்தான் கேட்டாள். "அண்ணை, ஒரு பெனல்டிக்காக விளையாட்டுக் கழகத்தை விட்டுப் போனனீங்கள் எண்டு ஊரெல்லாம் சொல்லுது. சபையிலை இருவது பேரோடை ஒரு மேசையிலை இருக்கோணும். உங்களாலை ஏலுமோ?"

எல்லாரும் பத்திநாதரின் பிடரியைப் பார்க்கிறார்கள் என்பது அவருக்குத் திரும்பாமலே தெரிந்தது.

ஜெகதீஸ் கழுத்துப் பொத்தானைக் கழற்றினான். "நல்ல கேள்வி தங்கச்சி. நான் கோவக்காரன்தான். அதை ஒளிக்க ஏலாது. அதோடை மைதானத்துக்கும் போகேல்லை, அக்கா வீட்டையும் போகேல்லை. இருவத்தொரு வருஷம். அக்காவின்ரை மகளுக்கு அப்ப ஆறு வயசு. இப்ப அவளுக்குக் கலியாணமாம். றோட்டிலை கேள்விப்பட்டனான். சபையிலை கோவம் வந்தால் கத்துவன். ஆனா அடுத்த நாளும் போய் அதே கதிரையிலை இருப்பன். எழும்பிப் போனால் என்ன கிடைக்குமெண்டு எனக்குத் தெரியும்."

விவாதம் முடிந்தது. விளம்பரம் போனது. டிலோன் எழுந்து தொலைக்காட்சியை நிற்பாட்டினான்.

பத்திநாதர் கொப்பியைப் பார்த்தார். கடைசிக் கேள்வி நல்ல அடி. பதில் நல்ல தடுப்பு. அதில் கோல் இல்லை. இரண்டுக்கு ஒன்று, கண்ணுக்கு முன்னால் கிடந்தது. ஆனால் அவருடைய பென்சில் சும்மா இருக்கவில்லை. ஜெகதீஸ் நேரம் கடந்து கதைத்தான் என்று ஒரு புள்ளி வைத்தது. எதிராளியைத் தங்கச்சி என்று கூப்பிட்டது சபைக்கு முறையில்லை என்று இன்னொரு புள்ளி வைத்தது. இன்னும் ஒன்று கிடைத்தால் ஒரு கோட்டை வெட்டிவிடலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு உறைத்தது. அட கடவுளே, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்? திரும்பவும் அதே விசிலை அல்லவோ வாயில் வைத்திருக்கிறேன்! மச்சான் என்பதற்காக இவனை ஒருமுறை விழுத்தியது போதாதென்று இரண்டாம் முறையும் விழுத்தப் பார்க்கிறேனே!

"சொல்லுங்கோ அண்ணை," என்றான் டிலோன். முகத்தில் பாதிச் சிரிப்பு. முடிவு தெரிந்தவன் சிரிப்பு.

பத்திநாதர் எழுந்தார். "ஜெகதீஸ் ரெண்டு, பிரியவதனி ஒண்டு. வெண்டது ஜெகதீஸ்."

கத்தரீனா, "ஆ... மகளின்ரை கலியாணத்துக்கு மாமன்காரன் வேணுமெல்லோ!" என்றாள். மண்டபம் கொல்லென்று சிரித்தது. அவர் கொப்பியைத் தூக்கிக் காட்டினார், யார் பார்த்தார்கள்?

"அண்ணை, நீங்களோ இப்பிடி?" டிலோன் உண்மையாகவே நொந்துபோனான். "பெனல்டி குடுத்த பத்திநாதர் அண்ணை எங்கை போனவர்?"

பத்திநாதருக்குக் கோபம் வந்தது. டிலோனில் அல்ல. "அப்பிடி ஒரு பத்திநாதர் இருந்ததேயில்லையடா," என்றார். "அண்டைக்கு நான் காணேல்லை. பந்து எங்கை பட்டதெண்டு எனக்குத் தெரியாது. மச்சானைக் காப்பாத்தினவன் எண்டு நீங்கள் சொல்லப்போறியள் எண்ட பயத்திலை ஊதினனான். கண்டனான் எண்டு பொய்யும் சொன்னனான். இண்டைக்குத்தான் கண்டதைச் சொல்லுறன். நம்பினால் நம்புங்கோ, விட்டால் விடுங்கோ."

அதன் பிறகு அங்கே நடந்ததை ஒழுங்காக எழுத ஏலாது. இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு கிண்ணம் இரண்டாம் முறை கைவிட்டுப் போனதுபோல ஆளுக்காள் கத்தினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கத்தரீனாவின் குரல் எழும்பியது. அன்று கோல் காத்தது அவளுடைய புருசன். "கோதாரி! அப்ப என்ரை மனிசனை இத்தினை வருஷமாக் கோல் விட்டவன், கோல் விட்டவன் எண்டு பழிச்சது? அந்தாள் அதுக்குப் பிறகு ஒரு பந்தைத் தொட்டதோ? ஆர் இனி அதுக்குப் பதில் சொல்லுறது?"

பத்திநாதர் அவளுக்கு முன்னால் போய் நின்றார். "நான்தான் பிள்ளை. நாளைக்கு அவரிட்டை வந்து சொல்லுறன்."

கடைசியில் டிலோன் மேசையில் தட்டினான். "றெபரியே பிழையெண்டால் மட்சும் செல்லாது. சங்கம் ஒருத்தரையும் ஆதரிக்கேல்லை. அவரவர் விரும்பினபடி வோட்டுப் போடுங்கோ." முதற்கூட்டத்திலேயே சொல்லியிருக்கக்கூடிய முடிவு. ஜெகதீசுக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டிய நூற்றிப் பதினாலு வோட்டைத் தன் உண்மையாலேயே கெடுத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டு பத்திநாதர் வீட்டுக்கு நடந்தார்.

செய்தி அவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மாக்கிறேற் படலையடியில் நின்றாள், கையில் ரெலிபோன்.

"மெய்யே?" என்றாள்.

"ஓம்."

"கண்டனான் எண்டு என்னட்டையும் சொன்னனீங்கள்."

"வெக்கமாக் கிடந்தது மாக்கிறேற்."

"தம்பி எனக்கு எத்தினை தரம் சொன்னவன், அத்தான் காணேல்லை, அத்தான் காணேல்லை எண்டு. கோவில் வாசலிலை வைச்சுச் சொன்னவன். பொய் சொல்லாதை எண்டு நான் அவனை ஏசினனான். நான் தூக்கி வளத்த பிள்ளையை நம்பாமல் உங்களை நம்பினனான். அஞ்சலாவுக்கும் அதைத்தானே சொல்லி வளத்தனான், அப்பா கண்டதைத்தான் ஊதினவர் எண்டு." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குத் தாங்க லேசாக இருந்திருக்கும்.

அவளில் தான் எவ்வளவு அன்பு வைத்திருக்கிறார் என்பது பத்திநாதருக்குத் தெரியும். அவள் அந்த அன்புக்கு என்ன விலை கொடுத்தாள் என்பதுதான் இன்றுவரை தெரியாமல் இருந்தது.

அவள் உள்ளே போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தார். ஐந்து நிமிடத்தில் கோவிலுக்குக் கட்டும் சேலையோடு வெளியே வந்தாள். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? வாங்கோ. ஒரு வீடு சொல்லக் கிடக்கு."

ஐந்து ஒழுங்கை. இருவரும் நடந்தார்கள். ஜெகதீஸ் விறாந்தையில் சாரம் கட்டியபடி இருந்தான். அவனுடைய மனைவி ஜொய்சி பக்கத்தில். அவனுக்கும் கதை எட்டிவிட்டது. அவர்களைக் கண்டதும் எழும்பினான். கதிரையை இழுத்துப் போட்டான்.

பத்திநாதர் கதிரையில் இருக்கவில்லை. "ஜெகதீஸ், அண்டைக்கு நான் காணேல்லை. உம்மட்டைப் பொய் சொன்னனான். அது பிழை. இத்தினை வருஷமும் அதைச் சொல்லாமல் இருந்தது அதைவிடப் பெரிய பிழை."

ஜெகதீஸ் நிலத்தைப் பார்த்தான். பிறகு ஜொய்சியைப் பார்த்தான்.

"பந்து கையிலைதான் பட்டது, அத்தான்."

"என்ன?"

"கையிலைதான் பட்டது. இந்தா, இந்த மணிக்கட்டிலை." அவன் காட்டினான். "ஆனா நீங்கள் காணேல்லை எண்டு எனக்குத் தெரியும். நடுவிலை அந்தத் தடியன் நிண்டவன். நீங்கள் கண்டு ஊதியிருந்தால் நான் கையைத் தந்திட்டுப் போயிருப்பன். மச்சான் எண்டபடியாலை காணாமலே ஊதினியள் பாருங்கோ, அதுதான் எனக்கு ஏறிச்சுது. வேறை ஆரும் எண்டால் ஊதியிருக்க மாட்டியள்."

"ஓம்," என்றார் பத்திநாதர். "ஊதியிருக்க மாட்டன்."

இப்போதுதான் மாக்கிறேற் வெடித்தாள். "எடேய் விசரா! அப்ப பட்டதெண்டு ஏனடா எனக்குச் சொல்லேல்லை? ஒருத்தர் காணாமல் ஊதினாராம், மற்றவர் பட்டதை விழுங்கிக்கொண்டு நிண்டாராம். நடுவிலை நான் ஒருத்தி, பாலன் பிறப்பெண்டு நத்தாருக்கு நத்தார் ரெண்டு சட்டியிலை இறைச்சி காய்ச்சி, ஒண்டை உனக்கு ஆரிட்டையேன் குடுத்துவிட்டிட்டு, மற்றதை வாயிலை வைக்க ஏலாமல் இருந்தனான். இருவத்தொரு நத்தார்! ரெண்டு பேருக்கும் நல்லாப் பூசை போடோணும்." சொல்லிக்கொண்டே அழுதாள். அழுதுகொண்டே தம்பியின் முதுகில் ஒரு அடியும் வைத்தாள். ஜெகதீஸ், ஐம்பத்தொரு வயது மனிதன், அந்த அடியை வாங்கிக்கொண்டு தானும் அழுதான்.

ஜொய்சி தேத்தண்ணி கொண்டுவந்தாள். அதைக் குடிக்கும்போதே அடுத்த சண்டை தொடங்கிவிட்டது.

"விவாதத்திலை நான் வெண்டனான் எண்டு சொன்னனீங்களாம். அது எனக்காண்டியோ?" என்றான் ஜெகதீஸ்.

"விசர்க் கதை கதையாதையும். ரெண்டுக்கு ஒண்டு. கொப்பி இருக்கு."

"சோலைவரிக் கேள்வியிலை நான் மண் கவ்வினனான், அத்தான். அந்தப் பிள்ளைதான் வெண்டவள்."

"அது ஒரு கோல்தானே. நூறடி ஹோசை ஆர் சொன்னது?"

"உங்களுக்கு இன்னும் றெபரி வேலை தெரியாது!"

"போதும்!" என்றாள் மாக்கிறேற். முகத்தைத் துடைத்தாள், சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள், புருசனுக்குப் பக்கத்தில் வந்து நேராக நின்றாள். பிறகு முழங்கையால் அவரை இடித்தாள்.

பத்திநாதர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அறுபத்தெட்டு வீட்டில் தடங்கலில்லாமல் சொன்ன வார்த்தைகள்தான். "வாற பதினேழாம் திகதி சனிக்கிழமை எங்கடை மகள் அஞ்சலாவுக்குக் கலியாணம். நீங்கள் குடும்பமா வந்து, முன்னுக்கு நிண்டு..." அதற்கு மேல் வரவில்லை. மாக்கிறேற் அவருடைய கையைப் பிடித்தாள். "...நடத்தித் தரோணும்," என்று முடித்தார்.

ஜெகதீஸ் இரண்டு கையையும் கூப்பினான். முறைப்படி ஓம் வாறம் என்று சொல்ல வேண்டும். அவனுக்கு வேறு கேள்விதான் வந்தது. "அக்கா, நான் முன்னுக்கு நிண்டால் அஞ்சலா என்ன நினைப்பாள்? கோவிலிலை என்னைக் கண்டால் தலையைக் குனிஞ்சுகொண்டு போறவள்."

"ஆறு வயசிலை ஒவ்வொரு நாளும் படலையிலை நிண்டு மாமா எப்ப வருவார் எண்டு கேட்டவள்," என்றாள் மாக்கிறேற். "பேந்து கேக்கிறதை விட்டிட்டாள்."

ஜெகதீஸ் கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டான். "பதினேழு மட்டும் என்னத்துக்குப் பாத்துக்கொண்டிருக்கிறது? ஜொய்சி, வெளிக்கிடும். இப்பவே போவம்."

நாலு பேருமாக ஒழுங்கையில் இறங்கினார்கள். பத்திநாதர் முழங்கால் வலியையும் பாராமல் எல்லாருக்கும் முன்னால் விரைந்து நடந்தார். படலையை மச்சானுக்குத் தன் கையால் திறந்துவிட வேண்டும் என்று அவருக்கு இருந்தது.